சூடானால் கிளம்பாத போர்ஷே: ஒரு 911 எஸ்சி காரின் ஹாட் ஸ்டார்ட் கோளாறு

காலை எட்டு மணி, வெளியே நான்கு டிகிரி குளிர். முதல் செல்ஃபிலேயே வண்டி கிளம்பியது. தென்மேற்கு ஜெர்மனியின் பாடன்-பாடனிலிருந்து பி500 மலைச்சாலையில் ஏறி மும்மெல்சே ஏரிக்கரையில் நிறுத்தினோம். நல்ல வெயில் வந்திருந்தது. காபி குடித்துவிட்டு இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பத்து நொடி, இன்னொரு பத்து நொடி. மூன்றாவது முறை இரண்டு சிலிண்டர் மட்டும் முக்கி முனகின. நான்காவது முறைதான் ஆறும் சேர்ந்து ஓடின. அரை நிமிடத்தில் எல்லாம் சரியாகி, எதுவுமே நடக்காதது போல வண்டி இறங்கியது.

வண்டி 1982ஆம் ஆண்டின் போர்ஷே 911 எஸ்சி. மூன்று லிட்டர், காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஐரோப்பிய வகை என்பதால் 204 குதிரைத்திறன். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை முப்பது வருடமாக வைத்திருக்கிறார். ஸ்டுட்கார்ட் பக்கம் இதுமாதிரி வண்டிகள் நிறைய உண்டு, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பட்டறைகளும் உண்டு. அப்படி ஒரு பட்டறையில் இந்தக் கோளாறுக்காக ஏற்கெனவே இரண்டு முறை விட்டிருந்தார். ஸ்பார்க் பிளக்குகள் மாறின, எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் அழுத்தத்தைக் காக்கும் ஃபியூயல் அக்யூமுலேட்டர் மாறியது, பெட்ரோல் கலவையையும் கொஞ்சம் அதிகமாக்கிவிட்டிருந்தார்கள். கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய கார்களைக் கழற்றிப் பூட்டுவது என் சனிக்கிழமை வேலை. அதனால் என்னைக் கூப்பிட்டார்.

நான் முதலில் கேட்டது ஸ்பேனர் அல்ல, அவருடைய நோட்டு. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் எழுதி வைக்கிற மனிதர் அவர். ஓரத்தில் 'கிளம்பவில்லை' என்று குறிப்பும், எவ்வளவு நேரம் நின்றது என்பதும் பல இடங்களில் இருந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி கிளப்பினால் தொந்தரவே இல்லை. பதினைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நின்றால் தகராறு. மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் மறுபடி நல்ல பிள்ளை. இன்னொன்று எனக்கு வியப்பாக இருந்தது. நடு ஜூலையை விட ஏப்ரலில்தான் புகார்கள் அதிகம். வெயில்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இதற்கான விடை பெட்ரோலில் இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலப் பெட்ரோலும் கோடைகாலப் பெட்ரோலும் ஒன்றல்ல. குளிரில் எஞ்சின் எளிதாகக் கிளம்ப வேண்டும் என்பதற்காகக் குளிர்காலப் பெட்ரோலைச் சீக்கிரம் ஆவியாகும்படி தயாரிப்பார்கள். ஜெர்மனியில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை விற்கும் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 60 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. குளிர்காலத்தில் 90 வரை போகலாம். இது 37.8 டிகிரி வெப்பத்தில் அளக்கிற கணக்கு. பெரியவர் நவம்பரில், டேங்க் உள்ளே துருப்பிடிக்கக் கூடாது என்று எண்பது லிட்டர் டேங்கை முழுக்க நிரப்பி வண்டியைத் தூங்க வைப்பார். அதாவது ஏப்ரல் வெயிலில் அவர் ஓட்டியது குளிர்காலப் பெட்ரோலில். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறக்குறைய 90 கிலோபாஸ்கல்தான். ஆக, மும்மெல்சே கரையில், அழுத்தம் இல்லாத ஒரு குழாயில் நிற்கும் அந்தப் பெட்ரோல் 38 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நின்றுபோன எஞ்சினின் மேல் பக்கம் எவ்வளவு சூடு இருக்கும் என்று பின்னால் அளந்தோம். சொல்கிறேன்.

முதலில் விலக்க வேண்டியவை

'சூட்டில் கிளம்பவில்லை' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. செல்ஃபே சுற்றாமல் 'டிக்' என்று நின்றுவிடுவது ஒன்று. சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. பழைய 911 வண்டிகளில் முதல் வகையும் சகஜம்தான். பேட்டரி முன்னால். இந்த வண்டியில் எஞ்சின் இருப்பது பின்னால், ஸ்டார்ட்டர் மோட்டாரும் அங்கேதான், கியர்பாக்ஸில். சாவியிலிருந்து போகும் ஒயர் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து, நடுவில் இணைப்புகளையும் தாண்டிப் போக வேண்டும். நாற்பது வருட அழுக்கில் அங்கங்கே வோல்ட் குறையும். மோட்டாரும் சூடாக இருந்தால் அதை இயக்கிவிடும் மின்காந்தமான சோலனாய்டு இழுக்காது. ஆகவே சூடான நிலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே சாவி ஒயர் வந்து சேரும் ஸ்டார்ட்டரின் 50ஆம் முனையில் அளந்தேன். 10.4 வோல்ட். இந்த வயதுக்கு அது நல்ல எண். அந்தப் பக்கம் முடிந்தது.

அடுத்து ஸ்பார்க். சாவியை ஆன் செய்தால் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டி இந்த வண்டியில் மெல்லிய ஓசை எழுப்பும். அது இருந்தது. கிளம்ப மறுக்கும் நேரத்தில் டைமிங் லைட்டை பிளக் ஒயரில் மாட்டி செல்ஃப் அடித்தோம். பளிச் பளிச் என்று ஒழுங்காக மின்னியது. இதுவும் இல்லை.

அப்புறம் வாசனை. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சூட்டில் இன்ஜெக்டரோ, குளிரில் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் தரும் கோல்ட் ஸ்டார்ட் வால்வோ சொட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகி, கிளம்பும்போது புகைக் குழாயில் கறுப்புப் புகையும் பச்சைப் பெட்ரோல் நாற்றமும் வரும். இந்த வண்டியில் அப்படி எதுவும் இல்லை. பெட்ரோல் போய்ச் சேராத எஞ்சின் செய்கிற மாதிரி வறட்டுத்தனமாக இருமியது. நம் ஊர் மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்று பொதுவாகச் சொல்லும் வகை. ஆனால் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது காற்று அல்ல, பெட்ரோலின் ஆவி.

நின்ற பிறகு நடக்கும் கதை

911 எஸ்சி-யில் எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சுவது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற ஏற்பாடு. 'கே' என்பது தொடர்ச்சி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. கம்ப்யூட்டர் கிடையாது, இன்ஜெக்டர்களைத் திறந்து மூடும் மின்சாரமும் கிடையாது. உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டு ஒரு பிஸ்டனைத் தூக்கும். அந்த அளவுக்குப் பெட்ரோல் ஆறு சிலிண்டருக்கும் இடைவிடாமல் பீய்ச்சும். எல்லாம் அழுத்தத்தின் கணக்கு. பம்ப் தரும் சிஸ்டம் அழுத்தம் 4.5 முதல் 5.2 பார் வரை இருக்க வேண்டும் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்). இந்த ஏற்பாட்டை எழுபதுகளில் யோசித்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாற்பது வருடம் உழைக்கிறது.

எஞ்சின் ஓடும் வரை விசிறி காற்றடிக்கும், புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், குழாய்கள் குளிர்ச்சியாகவே இருக்கும். நிறுத்தியதும் விசிறியும் நின்றுவிடும். சிலிண்டர்களில் இருக்கும் சூடு முழுவதும் மேலே ஏறி, எஞ்சின் தலைமேல் உட்கார்ந்து ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பிரித்தனுப்பும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டரிலும் குழாய்களிலும் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் ஒரு வெப்ப உணரியை ஒட்டி வைத்துப் பார்த்தேன். நிறுத்திய நேரத்தில் 52 டிகிரி. இருபது நிமிடம் கழித்து 71. ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் இறங்கத் தொடங்கியது. நோட்டில் இருந்த 'பதினைந்து நிமிடம் முதல் ஒரு மணி வரை' என்பதற்கு இதுதான் காரணம்.

71 டிகிரியில் பெட்ரோல் கொதிக்காமல் இருக்க ஒரே வழி, நம் வீட்டு குக்கரில் நடப்பதுதான். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். எஞ்சின் நின்ற பிறகும் குழாய்களில் ஏறக்குறைய இரண்டு பார் அழுத்தம் தங்கியிருந்தால், பெட்ரோலின் கொதிநிலை முப்பது, நாற்பது டிகிரி மேலே போய்விடும். அது திரவமாகவே காத்திருக்கும். இந்த மிச்ச அழுத்தத்தைக் காப்பாற்றத்தான் மூன்று பாகங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பம்ப்பின் வாயில் இருக்கும் செக் வால்வு பெட்ரோல் டேங்க் பக்கம் திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் பிஸ்டன், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயை அடைக்கும். அக்யூமுலேட்டர், ஸ்பிரிங்கும் ரப்பர் திரையும் உள்ள ஒரு சின்னக் குடுவை, கொஞ்சம் பெட்ரோலை அழுத்தத்தோடு சேமித்து வைத்திருக்கும். மிச்ச அழுத்தம் இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தத்தை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவை சொட்டும்.

பட்டறையில் அக்யூமுலேட்டரை மாற்றியது முற்றிலும் தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். பல வண்டிகளில் அதுதான் குற்றவாளி. ஆனால் அதன் பின்புறக் குழாயைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். திரை கிழிந்திருந்தால் அங்கே பெட்ரோல் வரும். பெரியவர் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்திருந்தார். அதன் பின்புறம் காய்ந்து கிடந்தது. நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பாகத்தைப் போட்டிருக்கிறார்கள்.

கேஜ் சொன்னது

கே-ஜெட்ரானிக் வண்டி வைத்திருப்பவர்கள் பாகம் வாங்கும் முன் வாங்க வேண்டியது பிரஷர் கேஜ். இதில் நான் பிடிவாதக்காரன். நடுவில் ஒரு வால்வோடு வரும் கேஜை டிஸ்ட்ரிபியூட்டருக்கும், எஞ்சின் சூடேறும் வரை கலவையைக் கெட்டியாக வைக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் இடையில் மாட்ட வேண்டும். வால்வை மூடினால் சிஸ்டம் அழுத்தம் காட்டும், திறந்தால் கலவையைத் தீர்மானிக்கும் கண்ட்ரோல் அழுத்தம். மாட்டும் முன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கண்ணாடி போட்டிருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு ஸ்பேனர், ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் செம்பு வாஷர். ஐந்து பார் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்பதை யாரும் அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது சிஸ்டம் அழுத்தம் 4.8, சூடான கண்ட்ரோல் அழுத்தம் 3.6. இரண்டும் கச்சிதம். ஓடும் வரை இந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இதுவரை யார் பார்த்தும் எதுவும் கண்ணில் படவில்லை. கோளாறு வாழ்வது எஞ்சின் நின்ற பிறகு. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். அணைத்த உடனே 2.6. ஒரு நிமிடத்தில் 1.8. ஐந்து நிமிடத்தில் 0.7. பத்தாவது நிமிடத்தில் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. ஆரோக்கியமான வண்டியில் அணைத்ததும் அழுத்தம் இறங்கி, அக்யூமுலேட்டர் தள்ளுவதால் கொஞ்சம் திரும்ப ஏறி, அப்படியே நிற்கும். இங்கே ஏறவே இல்லை.

சரி, எங்கே ஒழுகுகிறது? வால்வை மூடி வார்ம்-அப் ரெகுலேட்டரைத் தனியாக்கிப் பார்த்தோம். விழும் வேகம் மாறவில்லை, அது காரணம் இல்லை. கோல்ட் ஸ்டார்ட் வால்வைக் கழற்றித் துடைத்து வைத்துப் பார்த்தோம், ஈரமே இல்லை. ஆறு இன்ஜெக்டர்களும் அப்படியே. புது அக்யூமுலேட்டரின் பின்புறமும் காய்ந்திருந்தது. ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டோம். ஏழெட்டு நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. குழாயில் தங்கியிருந்தது வடிகிறது என்று நினைத்து நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆய்வில் நான் செய்த தவறு அதுதான். அதன் விலை இரண்டு சனிக்கிழமைகள்.

மிச்சம் இருந்தது முன்பக்கம், பம்ப்பின் செக் வால்வு. பம்ப் டேங்கை விடக் கீழே இருக்கிறது. அதனால் டேங்கை முடிந்தவரை காலியாக்கி, பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் கை வைக்கலாம். பம்ப்பின் வாயை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் வால்வைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் கெட்டுவிடும். பழைய வால்வில் வாய் வைக்காமல், ஒரு ரப்பர் குழாய் மாட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து கைப்பம்ப்பால் காற்று அடித்தேன். தாராளமாகக் காற்று போனது. உள்ளே இருந்த இருக்கையில் பழுப்பு நிறத்தில் படிவு. கைக்குள் அடங்குகிற சின்னப் பாகம். இதை யாரும் பார்க்காமலே போயிருக்கிறார்கள்.

புது வால்வு போட்டு மறுபடி கேஜ். பத்து நிமிடத்தில் 1.4, இருபது நிமிடத்தில் 0.9. வண்டி நான்காவது முறைக்குப் பதில் இரண்டாவது முறையில் கிளம்பியது. பெரியவருக்கு அதுவே போதும் என்றிருந்தது. எனக்கு இல்லை. 0.9 பாரில் தப்பிக்கிற வண்டி இன்னும் ஒரு வெயில் நாளில் சிக்கிக்கொள்ளும். அப்போதுதான் அந்தப் பாட்டில் நினைவுக்கு வந்தது.

அந்தச் சொட்டு

மறுவாரம் ரிட்டர்ன் குழாயை மறுபடி பாட்டிலில் விட்டு, இந்த முறை இருபது நிமிடம் அசையாமல் பார்த்தோம். சொட்டு நிற்கவே இல்லை. அளந்து பார்த்தால் நாலைந்து மில்லிலிட்டர் சேர்ந்திருந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அக்யூமுலேட்டர் சேமித்து வைப்பதே சில பத்து மில்லிலிட்டர்தான். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து போட்டிருந்தோம். முதல் சோதனையில் செக் வால்வு வழியாக எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் இந்த மெல்லிய ஒழுக்கு அதன் நிழலில் மறைந்துவிட்டது. இரண்டு ஒழுக்குகள் ஒன்றாக இருந்தால் பெரியதுதான் முதலில் கண்ணில் படும்.

வால்வை மூடி வார்ம்-அப் ரெகுலேட்டரை மறுபடி விலக்கிப் பார்த்தேன், சொட்டு தொடர்ந்தது. அப்படியென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் பிஸ்டன்தான். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்கத் தேவையில்லை. பக்கவாட்டில் இருக்கும் மூடியைத் திருகினால் ஸ்பிரிங், சில மெல்லிய தகடுகள், பிஸ்டன் என்று வரிசையாக வரும். அந்தத் தகடுகளின் கனம்தான் சிஸ்டம் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. அவற்றை வந்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கி வைத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று தொலைந்தாலும் அழுத்தம் மாறிவிடும். பிஸ்டனை எக்காரணம் கொண்டும் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அதன் பொருத்தம் அவ்வளவு நுணுக்கமானது.

பிஸ்டன் முனையில் இருந்த ஓ-ரிங்கைக் கையில் எடுத்தபோது அது ரப்பராகவே இல்லை. வளைத்தால் வளையாமல், நகத்தில் கீறினால் கோடு விழாமல், பிளாஸ்டிக் வளையம் போல இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. 1982இல் போட்டதாகவே இருக்கலாம். இது செய்தவர்களின் குற்றம் அல்ல, நாற்பது வருடச் சூட்டில் ரப்பர் இப்படித்தான் ஆகும். பெட்ரோலையும் எத்தனாலையும் தாங்கும் ரப்பரில் புது ஓ-ரிங் வாங்கிப் போட்டோம். இத்தனை அலைச்சலுக்கும் காரணமான இரண்டில் ஒன்று, ஒரு காபியின் விலைக்கும் குறைவான வளையம்.

மறுபடி கேஜ். சிஸ்டம் அழுத்தம் 4.8, மாறவில்லை. எஞ்சினை அணைத்தோம். முள் இறங்கியது, நின்றது, பின் மெதுவாக ஒரு நூலளவு மேலே ஏறியது. அந்த ஏற்றத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இருபது நிமிடத்தில் 2.1 பார். ஒரு மணி நேரத்தில் 1.7. பாட்டிலில் ஒரு சொட்டும் இல்லை.

பிறகு கலவையைச் சரி செய்தோம். கோளாறை மறைப்பதற்காக அதிகமாக்கி வைத்திருந்த பெட்ரோல் அளவை, புகை அளக்கும் கருவி வைத்து, கையேடு சொல்லும் இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தோம். இந்தப் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. கலவையை மாற்றினால் ஹாட் ஸ்டார்ட் கொஞ்சம் தேறியது போல் தோன்றும். ஆனால் நோய் அப்படியே இருக்க, செலவும் புகையும் மட்டும் கூடும். கோல்ட் ஸ்டார்ட் வால்வைச் சூட்டிலும் விட்டு விட்டுத் திறக்க வைக்கும் ரிலே ஒன்றை மாட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அழுத்தம் சரியாக நிற்கிற வண்டிக்கு அது தேவையில்லை, நிற்காத வண்டிக்கு அது மருந்தும் இல்லை.

இதே தொந்தரவு உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி சூட்டில் மறுக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். கார்ப்பரேட்டர் வண்டியில் மிதித்தால் பெட்ரோல் பீய்ச்சும், கே-ஜெட்ரானிக்கில் அப்படி ஒரு பம்ப் இல்லை. கலவை கெட்டிருக்கும் எஞ்சினை விடாமல் சுற்றினால் காற்று உள்ளே வரும் பக்கமாகத் திரும்பி வெடித்து, அந்தக் காற்று போகும் எஸ்சி-யின் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் விரிசல் விடும். இந்த வண்டியில் அந்த அழுத்தத்தை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வு யாரோ முன்பே போட்டிருந்தார்கள், அதனால் தப்பியது. சிக்கிக்கொண்டால் பின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நன்றாக ஆறும் வரை காத்திருப்பதே மேல்.

அடுத்து வந்த நவம்பரிலும் பெரியவர் டேங்கை நிரப்பித்தான் நிறுத்தினார். துரு பயம் நியாயமானது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரலில் அதே குளிர்காலப் பெட்ரோலோடு, அதே பி500 சாலையில், மும்மெல்சே வரை போனோம். வேண்டுமென்றே வெயில் படும் இடத்தில் நிறுத்தினோம். இருபது நிமிடம், நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் என மூன்று முறை அணைத்துக் கிளப்பினோம். மூன்று முறையும் இரண்டு நொடிக்குள் பிடித்தது. பெரியவர் நோட்டை எடுத்து மூன்று நேரங்களையும் எழுதினார். ஓரத்தில் எழுத ஒன்றும் இல்லாததால் கோடு போட்டு வைத்தார்.